யாழ்ப்பாணத்தில் சைக்கிள், மலையகத்தில் நடை: தாம்பரத்திலிருந்து ஒரு குடும்ப டூர் பிளான் பண்ணலாமா?

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் யாழ்ப்பாணம் பலாலியில் இறங்கிவிடலாம். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி தாம்பரத்தில் பஸ் ஏறி, பெருங்களத்தூரைத் தாண்டவே அதைவிட அதிக நேரம் ஆன கதை ஜிஎஸ்டி ரோட்டுக்காரர்கள் எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

இருந்தும், வீட்டில் ‘ஃபாரின் டூர்’ என்று பேச்சு எடுத்தால் பட்டியலில் வருவது சிங்கப்பூர், துபாய், தாய்லாந்து, இப்போது புதிதாக வியட்நாம். ஐந்து ராத்திரி, ஆறு பகல், ஏசி பஸ், காலை ஏழு மணிக்கு லாபியில் ஆஜர். பிள்ளைகள் வெளிநாட்டைப் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். இன்னொரு பக்கம் இன்ஸ்டாவைத் திறந்தால் சுவிட்சர்லாந்து மலைப்பாதையில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கும் அப்பா, நெதர்லாந்தில் வரிசையாகச் சைக்கிளில் போகும் குடும்பம். ‘நாமும் இப்படி ஒரு லீவு போனால் என்ன?’ என்ற ஆசை நியாயமானதுதான். ஐரோப்பா பட்ஜெட்தான் இடிக்கும்.

முதல் தடவை சைக்கிளும் நடையுமாக வெளிநாடு போக நினைக்கும் தென்சென்னைக் குடும்பத்துக்கு என் ஓட்டு இலங்கைக்கு. கிட்டே இருக்கிறது, செலவு குறைவு என்பதெல்லாம் அப்புறம். சைக்கிளிலும் நடையிலும் போகிறவர் வழியில் நிற்பார், தண்ணீர் கேட்பார், வழி கேட்பார். அதைத் தமிழிலேயே கேட்க முடிகிற வெளிநாடு வேறு எத்தனை இருக்கிறது?

எப்படிப் போவது?

சென்னை - யாழ்ப்பாணம் விமான சேவை 2019 நவம்பரில் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்ட்டில் மீண்டும் ஓட ஆரம்பித்தது. கடலில் சுமார் நான்கு மணி நேரப் பயணம். ஆனா மழைக்காலத்தில் கப்பலை நம்பி லீவு போடாதீர்கள். வானிலை மோசமானால் சேவை நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்தில் இறங்கி, கொழும்பிலிருந்து திரும்புவது மாதிரி டிக்கெட் போட்டால் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதில்லை. முதல் மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் சைக்கிள். ஒரு நாள் பஸ்ஸிலோ வேனிலோ மலைக்கு. மூன்று நாள் மலையில் நடை. கடைசி நாள் கொழும்பு. எட்டு நாள் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி 300 கி.மீட்டருக்கும் மேல் என்பதால் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அனுராதபுரத்திலோ தம்புள்ளையிலோ ஒரு ராத்திரி தங்குவது நல்லது.

சைக்கிளை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம். யாழ்ப்பாணத்துக்குப் பறப்பவை சின்ன ஏடிஆர் விமானங்கள். விருந்தினர் இல்லங்களில் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அவை பெரும்பாலும் பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று அறை புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள். ஹெல்மெட்டை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப்போகலாம். அங்கேயும் நம்மைப் போலவே இடதுபக்கம்தான் வண்டி ஓடும். பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் காற்று எந்தப் பக்கம்?

தட்டையான நிலம். ஏற்றமே இல்லை. அதனால் ‘ஈஸியா ஓட்டிடலாம்’ என்று தோன்றும். இங்கே மலையின் வேலையைக் காற்று செய்கிறது.

நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் படகுத்துறை வரை போகும் சாலைதான் பலருக்கும் பிடித்த ரூட். ஒரு பக்கத்துக்கு 30 கி.மீட்டருக்கு மேல். தீவுகளை இணைக்கும் கடல்வழிச் சாலைகளில் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், நீர்ப்பறவைகள், மீன்பிடி வலைகள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும். அப்போது போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது தள்ளிவிடும். ஜனவரியில் வடகிழக்கிலிருந்து வாடை. அப்போது தலைகீழ். போகும்போது ‘அப்பா, நான் ஸ்பீடா ஓட்டுறேன் பாரு’ என்று பறந்த பிள்ளை, திரும்பும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிடும். ஜனவரியில் போகிறவர்கள் ஒரு வழி மட்டும் ஓட்டிவிட்டு, திரும்புவதற்கு ஒரு வாகனத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம்.

குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் படகில் கொஞ்ச நேரம்தான். நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரம். அங்கே பவளப்பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளும், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்திலிருந்து தங்கிவிட்ட காட்டுக்குதிரைகளும் இருக்கின்றன. படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் போடவில்லை என்று கூச்சப்பட வேண்டாம்.

சைக்கிளுக்கு இந்த ஊரில் ஒரு தனி வரலாறு உண்டு. அரசு அறிவிப்புகளிலும் பத்திரிகைகளிலும் அதற்குத் ‘துவிச்சக்கரவண்டி’ என்று பெயர். நம் பிள்ளைகளுக்குப் புது வார்த்தை. 1990-களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் வராமல் போனபோது ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடப்பெயர்வுக்கும் இந்த மக்களுக்குத் துணை சைக்கிள்தான். 2022-ல் நாடே திவாலாகி எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றபோது இலங்கை முழுக்கச் சைக்கிளுக்கு மவுசு கூடி, விலையும் எகிறியது. நமக்கு ஹாலிடே ஆக்டிவிட்டியாக இருப்பது அவர்களுக்கு அப்படி இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவைக்கலாம்.

அதே வரலாற்றின் இன்னொரு பக்கம் கண்ணிவெடி. வடக்கில் அகற்றும் பணி 2002-லிருந்து நடக்கிறது, இன்னும் முழுதாக முடியவில்லை. சுற்றுலாப் பயணிகள் போகும் சாலைகளில் பயமில்லை. ஆனால் முகமாலைப் பக்கம் போகிறவர்கள் ‘ஷார்ட்கட்’ என்று புதர்க்காட்டுக்குள் சைக்கிளை இறக்கக் கூடாது. மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை கண்ணில் பட்டால் திரும்பிவிட வேண்டும். பலாலி, வலிகாமம் வடக்குப் பகுதிகளில் ராணுவ முகாம்கள் இருக்கின்றன. அங்கே கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

பெக்கோ ட்ரெயில் என்பது என்ன?

பெக்கோ என்பது தேயிலையில் ஒரு தரத்தின் பெயர். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், அப்புத்தளை, எல்ல பகுதிகளைச் சுற்றிக்கொண்டு நுவரெலியாவில் முடியும் 300 கி.மீட்டருக்கும் அதிகமான நடைபாதைக்கு இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். மொத்தம் 22 கட்டங்கள். சராசரியாகப் பார்த்தால் ஒரு கட்டம் 13, 14 கி.மீ. இலங்கையில் வாழும் மிகேல் குனாட் என்ற ஸ்பெயின்காரரின் யோசனை இது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யுஎஸ்எய்டும் பணம் கொடுத்தன.

புதிதாக வெட்டிய பாதை கிடையாது. தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்கும், ஃபேக்டரியிலிருந்து ரயிலடிக்கும் தேயிலை போன பழைய தோட்டச் சாலைகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் கோத்திருக்கிறார்கள். அதனால் பல இடங்களில் பாதை அகலமாக, சாய்வு குறைவாக இருக்கும். இமயமலை மாதிரி மூச்சு முட்டாது. தாத்தா பாட்டி வந்தாலும் அரைக் கட்டம் நடக்க வைத்துவிடலாம்.

குடும்பத்தோடு போகிறவர்கள் 22-ஐயும் முடிக்கும் கனவில் இறங்க வேண்டாம். இரண்டே இரண்டு நாள் நடை போதும். தொடக்கத்தில் லூல்கந்துர தோட்டப் பக்கம் போனால், 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் முதல் வணிகத் தேயிலைத் தோட்டம் போட்ட இடத்தைப் பார்க்கலாம். அப்புத்தளைப் பக்கம் என்றால், தாமஸ் லிப்டன் 1890-ல் கட்டிய தம்பேதென்ன ஃபேக்டரியிலிருந்து ‘லிப்டன் சீட்’ காட்சிமுனைக்குத் தோட்டத்துக்குள்ளேயே 7 கி.மீ. ஏற்றம். இங்கே ஒரு சின்ன டிப்ஸ்: விடியற்காலையில் ஆட்டோவில் மேலே போய், வெயில் ஏறும் முன் நடந்து இறங்குங்கள். ஏற்றத்தில் பிள்ளைகள் அழுவதும் இருக்காது, ஒன்பது மணிக்கு மேல் மூடும் மேகத்தில் காட்சியை விடுவதும் இருக்காது. எல்லவில் ‘குட்டி சிவனொளிபாதம்’ எனப்படும் குன்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் சாத்தியம். அதே ஊரின் எல்ல ராக் அப்படி இல்லை. வழி குழப்பும், செங்குத்தான ஏற்றம் உண்டு. நிஜமான சிவனொளிபாதமலை 2,243 மீட்டர், 5,000-க்கும் மேற்பட்ட படிகள், ராத்திரி முழுக்க ஏற வேண்டும். முதல் டூரில் வேண்டாம் என்பேன்.

மழை விட்ட மறுநாள் அட்டை ஏறும். வால்பாறை போனவர்களுக்குத் தெரியும். நீள சாக்ஸ், கொஞ்சம் உப்பு. பிய்த்து இழுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இது யாருடைய பாதை?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். பெக்கோ ட்ரெயில் வீடியோக்களில் பச்சைப் போர்வை மாதிரி மலை, வெள்ளை மேகம், ரயில், ஒன்பது வளைவுப் பாலம் எல்லாம் வருகின்றன. நடுவில் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள் கண்ணில் பட்டு மறையும். அவைதான் லயன். ஒரு குடும்பத்துக்கு ஒரு சின்ன அறை என்ற கணக்கில் பிரிட்டிஷ் காலத்தில் கட்டிய வரிசை வீடுகள். பலவற்றில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள்.

அவர்கள் தமிழ் பேசுவார்கள். யாழ்ப்பாணத்து ‘வாங்கோ, இருங்கோ’ அங்கே கேட்காது. நம் பக்கத்துப் பேச்சு மாதிரியே இருக்கும். காரணம் எளிது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிக்கொண்டு போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். முதலில் காப்பித் தோட்டத்துக்கு. நோய் விழுந்து காப்பி அழிந்த பிறகு தேயிலைக்கு. படகில் மன்னார் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1823-ஐத் தொடக்கமாகக் கொண்டு 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் கிளம்பி ஆகஸ்ட்டில் மாத்தளை வரை மலையக மக்களும் ஆதரவாளர்களும் நடந்தே போனார்கள். இலங்கையின் பெரிய ‘லாங் டிஸ்டன்ஸ் ஹைக்’ எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நடந்து போய்ச் சேர்ந்தவர்களுக்கு அந்த நாடு என்ன செய்தது? 1948-ல் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்கு போட்டன. திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியில், அரசின் டேன்டீ தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அங்கே மிச்சம் இருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 வரை ஆனது. ஊட்டி, கோத்தகிரி போகும்போதெல்லாம் இந்தக் கதையின் மறுபாதியைத்தான் நாம் கடந்து போகிறோம்.

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் கூலி 1,350 இலங்கை ரூபாய் ஆனது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் 400 ரூபாய்கூட இல்லை. எல்லவில் ஒரு குடும்பத்தின் காலை டிபன் பில் அதைச் சுலபமாகத் தாண்டும்.

அதற்காகக் குற்ற உணர்ச்சியோடு நடக்கச் சொல்லவில்லை. நடக்கிற விதம் பற்றித்தான் பேச்சு. கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்ததும் போனைத் தூக்காமல், ‘அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?’ என்று கேட்கலாம். கேட்க நமக்கு மொழி இருக்கிறது. வேலை நேரத்தில் நிறுத்தி வைத்துப் போஸ் கேட்டால் அவர்களுடைய அன்றைய கிலோ கணக்கு குறையும். லயன் முற்றம் அவர்கள் வீட்டு வாசல், வியூ பாயின்ட் இல்லை. வழிகாட்டி வேண்டுமென்றால் கொழும்பு ஏஜென்சியைவிட அந்தத் தோட்டத்துப் பையனோ பெண்ணோ கிடைப்பார்களா என்று தங்குமிடத்தில் விசாரியுங்கள். டீயும் ரொட்டியும் தோட்டத்துக் கடையில். பிள்ளைகளுக்குச் சாக்லேட் விநியோகிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று: ‘நீங்க சிலோன் தமிழரா?’ என்று கேட்காதீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர் வேறு, இவர்கள் வேறு. மலையகத் தமிழர் என்ற பெயரைத்தான் இன்று பலரும் சொல்கிறார்கள்.

டிட்வா புயலுக்குப் பிறகு போகலாமா?

2025 நவம்பர் 28-ல் டிட்வா புயல் இலங்கையில் கரையேறியது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நிலச்சரிவு. மலை ரயில் பாதை கடுமையாகச் சேதமானது. நாம் நடக்க ஆசைப்படும் அதே சரிவுகளில்தான் லயன்கள் நிற்கின்றன. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மொத்தமாக மண்ணுக்குள் போனதும் அப்புத்தளைக்குப் பக்கத்தில்தான்.

போகலாம். சுற்றுலா நின்றால் ஆட்டோ ஓட்டுபவர், தங்குமிடத்தில் வேலை செய்பவர் என்று அங்கேயும் பல குடும்பங்களின் வருமானம் நிற்கும். ஆனால் எந்தக் கட்டம் திறந்திருக்கிறது, ரயில் எந்த ஸ்டேஷன் வரை ஓடுகிறது என்று டிக்கெட் போடும் முன் ஒரு தடவையும், நடக்கும் முதல் நாள் ராத்திரி தங்குமிடத்தில் ஒரு தடவையும் கேளுங்கள். மாவட்டத்துக்கு நிலச்சரிவு எச்சரிக்கை வந்திருந்தால் அன்று நடை கிடையாது. பிள்ளைகள் முகம் சுருங்கினாலும் கிடையாது.

எந்த லீவில் போவது?

யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் ஒரே மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். மலையின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டம்பர் வரை நனையும். அந்த மாதங்களில் கிழக்கே எல்ல, பண்டாரவளைப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். இரண்டு இடமும் ஒரே டூரில் சரியாக அமைவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஸ்கூல் கணக்கில் பார்த்தால் பொங்கல் லீவோடு நாலு நாள் ஆபீஸ் லீவு சேர்ப்பதுதான் பெஸ்ட். பொங்கலன்று வல்வெட்டித்துறையில் வாடைக் காற்றில் நடக்கும் பட்டப் போட்டி போனஸ்.

முழுப் பரீட்சை லீவில்தான் முடியும் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் 13, 14 தமிழ் - சிங்களப் புத்தாண்டு. கடை, பஸ், ஹோட்டல் எல்லாம் அதை ஒட்டிச் சில நாள் அடங்கிவிடும். அதற்குப் பிந்தைய வாரம் பரவாயில்லை. மலையில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வரும், அதனால் பதினோரு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். யாழ்ப்பாண வெயில் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கிளம்பும் முன்

பாஸ்போர்ட்டுக்கு நகரத்துக்குள் அலைய வேண்டாம், தாம்பரத்திலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தனி பாஸ்போர்ட், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்ஸர் டி’ படிவத்தோடு. சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். பழையது வீட்டில் இருந்தால் தேதியைப் பாருங்கள். இலங்கைக்கு ஈடிஏ எனும் மின்னணு அனுமதி வேண்டும். அதன் கட்டணமும் விதியும் 2023-லிருந்து பலமுறை மாறிவிட்டன. யூடியூப் வீடியோவை நம்பாமல் இலங்கைக் குடிவரவுத் துறையின் தளத்திலேயே பாருங்கள். டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது ‘ட்ரெக்கிங், சைக்கிளிங் கவர் ஆகுமா?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லா பாலிசியிலும் இருக்காது.

அப்புறம் பயிற்சி. குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11-ல் காட்டுத்தீயில் சிக்கி இறந்த 23 பேரில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு, ஐடி வேலையில் இருந்த இளைஞர்களும் உண்டு. கோடைக்காட்டில் தீ, மழைமலையில் மண். ஆபத்தின் முகம் ஊருக்கு ஊர் மாறும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 வழிகளைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வெளிநாடு போகும் முன் குடும்பமாக ஓர் எளிய வழியை நடந்து பார்த்தால் யாருடைய ஷூ கடிக்கிறது, யாருக்கு வாந்தி வருகிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும். தீக்காலத்தில் மூடிவிடுவார்கள், தேதி பார்த்து புக் பண்ணுங்கள்.

அதற்கும் முன்னால் ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. திருக்கழுக்குன்றம் மலைப்படி ஏறி இறங்கினால் முழங்கால் நிலவரம் புரியும். சைக்கிளுக்கு, விடியற்காலை ஈசிஆரில் கிளப்காரர்களின் வேகத்துக்கு நடுவே சின்னப் பிள்ளைகளை விட வேண்டாம். வண்டலூர் உயிரியல் பூங்காவில் வாடகைச் சைக்கிள் கிடைக்கும், லாரி பயமும் இல்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் பூங்காவுக்கு விடுமுறை.